ஒரு இஞ்ச் எல்லாம் ஒரே இஞ்ச் இல்லை: பைப்புக்குச் சரியான ஃபிட்டிங் வாங்குவது எப்படி?

மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் பைப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விரிசல் விட்டிருந்தது. பிளம்பர் யாரும் கிடைக்கவில்லை. விரிந்த இடத்தில் ஒரு சாண் அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் காலர் போட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். கடைக்குப் போய், "ஒரு இஞ்ச் காலர் ரெண்டு, ஒரு அடி பைப்பு, சொல்யூஷன் ஒண்ணு" என்றேன். கடையில் கூட்டம். கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தால், பழைய பைப் புதுக் காலருக்குள் லொடலொடவென்று ஆடியது. சொல்யூஷனை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பூசினால் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மாலையில் மோட்டாரைப் போட்டதும் அரை நிமிடம் தாங்கியது. அப்புறம் பைப் கழன்று, சுற்றுச்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் துளசிச் செடிக்குத் தண்ணீர் பாய்ந்தது.

மறுநாள் வந்த பிளம்பர் கழன்ற காலரைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "சார், உங்க பைப்பு சாம்பல். காலர் வெள்ளை. ரெண்டும் ஒரு இஞ்ச்தான், ஆனா வேற வேற ஒரு இஞ்ச்" என்றார். பைப் இணைப்பைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் இதுதான். இன்றுவரை மற்றதெல்லாம் இதன் விரிவாகவே தெரிகிறது.

ஃபிட்டிங் என்றால் பைப்பைத் திருப்பவும், பிரிக்கவும், நீட்டவும், சிறிதாக்கவும், குழாயோடு சேர்க்கவும் பயன்படும் துண்டுகள். திருப்ப எல்போ, பிரிக்க டீ, நீட்டக் காலர், சிறிதாக்க ரெடியூசர்: இந்தப் பெயர்களை அரை மணி நேரத்தில் கற்றுவிடலாம். பெயர் தெரியாததால் யாரும் தவறான ஃபிட்டிங் வாங்குவதில்லை. தன் வீட்டில் இருப்பது எந்தப் பைப் என்று தெரியாததால்தான் வாங்குகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

உங்கள் பைப் எந்தக் குடும்பம்?

நம் ஊர் வீடுகளில் தண்ணீர் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பைப்புகள் பெரும்பாலும் மூன்று வகை. சாம்பல் நிறத்தில் இருப்பது சாதாரண பி.வி.சி. தோட்டத்துக்கும், மோட்டார் லைனுக்கும், பழைய வீடுகளில் எல்லாவற்றுக்கும் இதைத்தான் போட்டார்கள். வெள்ளையாக இருப்பது யு.பி.வி.சி.; இப்போது கட்டும் வீடுகளில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குளிர்ந்த தண்ணீர் லைன் பெரும்பாலும் இதுதான். சந்தன நிறத்தில், கொஞ்சம் மெலிதாகத் தெரிவது சி.பி.வி.சி. இதில் வெந்நீரும் போகலாம்.

மூன்றிலும் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் என்ற பெயர்கள் உண்டு. ஆனால் அளக்கும் முறை மூன்றிலும் வேறு.

வெள்ளை யு.பி.வி.சி. பழைய இரும்புக் குழாயின் வழியில் வந்தது. இரும்புக் குழாயில் "ஒரு இஞ்ச்" என்பது ஆரம்பத்தில் உள்துளையை ஒட்டி வைத்த பெயர். பிறகு நல்ல இரும்பு கிடைத்து, குழாயின் சுவரை மெலிதாகச் செய்ய முடிந்தது. வெளிவிட்டத்தைக் குறைத்தால் ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்கும் மரைகளும் ஃபிட்டிங்குகளும் பொருந்தாமல் போகும் என்பதால், வெளிவிட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் துளையைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதனால்தான் இன்று ஒரு இஞ்ச் யு.பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர். ஒரு இஞ்ச் என்பது 25.4 மில்லிமீட்டர் என்று பள்ளியில் படித்ததை இங்கே மறந்துவிட வேண்டும்.

சாம்பல் பி.வி.சி. மெட்ரிக் கணக்கில் வந்தது. அதில் 20, 25, 32, 40, 50, 63 மில்லிமீட்டர் என்று அளவு சொல்வார்கள். அது நேராக வெளிவிட்டமே. பேச்சுவழக்கில் 25-ஐ முக்கால் இஞ்ச் என்றும், 32-ஐ ஒரு இஞ்ச் என்றும், 40-ஐ ஒண்ணேகால் என்றும், 63-ஐ ரெண்டு இஞ்ச் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆக, சாம்பல் "ஒரு இஞ்ச்" 32. வெள்ளை "ஒரு இஞ்ச்" 33.4. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. என் பைப் லொடலொடத்தது அந்த இடைவெளியில்தான்.

சி.பி.வி.சி. மூன்றாவது கதை. அது செம்புக் குழாயின் அளவைப் பின்பற்றுகிறது: சொல்லும் அளவோடு அரைக்கால் இஞ்ச் சேர்த்தால் வெளிவிட்டம். அரை இஞ்ச் சி.பி.வி.சி. 15.9 மில்லிமீட்டர், முக்கால் 22.2, ஒரு இஞ்ச் 28.6. முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி.யின் 22.2-உம் அரை இஞ்ச் யு.பி.வி.சி.யின் 21.3-உம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். கை தவறிச் செருக முயன்றவர்கள் நிறைய.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. யு.பி.வி.சி. பைப்பின் மேல் "25 மி.மீ. (1 இஞ்ச்)" என்று அச்சிட்டிருப்பார்கள். அங்கே 25 என்பது பெயரளவிலான துளை. சாம்பல் பைப்பில் "25 மி.மீ." என்றால் அது வெளிவிட்டம், அதாவது நம் முக்கால் இஞ்ச். கடையில் போய் "25 எம்.எம். எல்போ" என்று கேட்டால் எது வரும் என்பது கடைப்பையன் எந்த அலமாரிப் பக்கம் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. ஆகவே அளவை மட்டும் சொல்லிக் கேட்கவே கூடாது. குடும்பத்தை முதலில் சொல்லுங்கள்: "யு.பி.வி.சி. ஒரு இஞ்ச் எல்போ", "சாம்பல் பி.வி.சி. 32 எல்போ".

நிறத்தை முழுதாக நம்பவும் முடியாது. பத்து வருட வெயிலில் வெள்ளை மஞ்சளாகிச் சந்தன நிறம் போலத் தெரியும். பெயிண்ட் அடித்தவர் பைப்பையும் விட்டுவைத்திருக்க மாட்டார். நம்பகமானது பைப்பின் மேல் ஓடும் அச்சு வரி. துணியை நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு துண்டு எழுத்தாவது கிடைக்கும். ஐ.எஸ். 4985 என்று இருந்தால் சாதாரண பி.வி.சி. ஐ.எஸ். 15778 என்றால் சி.பி.வி.சி. ஏ.எஸ்.டி.எம். டி 1785 என்று இருந்து, பக்கத்தில் ஷெட்யூல் 40 அல்லது 80 என்று போட்டிருந்தால் யு.பி.வி.சி. (ஷெட்யூல் என்பது சுவரின் தடிமன். இரண்டுக்கும் வெளிவிட்டம் ஒன்றே. 80-இன் சுவர் தடிமன், துளை சிறிது. சாம்பல் பைப்பில் 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ என்று சொல்வதும் அப்படித்தான்: தாங்கும் அழுத்தம் மாறும், வெளி அளவு மாறாது.)

எழுத்தே இல்லையா? ஒரு காகிதப் பட்டையைப் பைப்பின் மேல் இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில் பேனாவால் குறி வையுங்கள். பிரித்து ஸ்கேலில் அளந்தால் சுற்றளவு வந்துவிடும். பத்து சென்டிமீட்டர் என்றால் சாம்பல் 32. பத்தரை என்றால் யு.பி.வி.சி. ஒரு இஞ்ச். ஒன்பது என்றால் சி.பி.வி.சி. ஒரு இஞ்ச். எட்டுக்குக் கொஞ்சம் கீழே என்றால் சாம்பல் 25. எட்டரைக்குச் சற்றுக் கீழே நின்றால் யு.பி.வி.சி. முக்கால். விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டராக இருந்து கண்ணை ஏமாற்றும் வித்தியாசம், சுற்றளவில் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகி அரை சென்டிமீட்டராகத் தெரிந்துவிடும். வெர்னியர் எல்லாம் தேவையில்லை.

முடிந்தால் இன்னும் எளிய வழி, அறுத்தெடுத்த பைப்பிலிருந்து நாலு விரல் நீளத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது. அங்கேயே ஃபிட்டிங்கில் செருகிப் பாருங்கள். சொல்யூஷன் பூசாமல், கை அழுத்தத்தில், துண்டு வாயின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் போய் இறுக வேண்டும். அடிவரை வழுக்கிக்கொண்டு போனால் பொருத்தம் தளர்வு. வாயிலேயே நின்றுவிட்டால் வேறு குடும்பம்.

ஒட்டுவதா, மரையா, ரப்பரா?

ஒரே குடும்பத்துக்குள் சொல்யூஷன் போட்டு ஒட்டலாம். குடும்பம் மாறும் இடத்தில் மரையைத்தான் நாட வேண்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காரணம், சொல்யூஷன் நாம் நினைப்பதுபோல் பசை இல்லை. அது பைப்பின் வெளித்தோலையும் ஃபிட்டிங்கின் உள்தோலையும் கரைத்து, இரண்டையும் ஒன்றாக உருக விடுகிறது. உள்ளே இருக்கும் ஆவியாகும் திரவம் போனதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடும். இடைவெளியை நிரப்பும் வேலை அதற்குத் தெரியாது. இரண்டு தோலும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டும். நான் தாராளமாகப் பூசியதெல்லாம் வீண். அதிகமாகப் பூசினால் உள்ளே வழிந்து தேங்கி, பைப்பின் சுவரையே கரைத்து மெலிதாக்கும் என்பது கூடுதல் தொல்லை. எந்தப் பிளாஸ்டிக்குக்கு எந்தச் சொல்யூஷன் என்பதும் இதே காரணத்தால் முக்கியம். சி.பி.வி.சி.க்கு அதற்கென்றே டப்பாவில் எழுதிய சொல்யூஷன் வேண்டும். பி.வி.சி. சொல்யூஷனை வைத்து ஒட்டினால் குளிர்ந்த தண்ணீருக்குச் சில நாள் நிற்கக்கூடும். வெந்நீர் போக ஆரம்பித்ததும் தெரிந்துவிடும்.

ஒட்டும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அதில் இருக்கும் நிதானம் புரியும். அந்த பிளம்பர் பைப்பை ஹேக்ஸா பிளேடால் நேராக அறுத்தார். சாய்வாக அறுத்தால் ஒரு பக்கம் ஃபிட்டிங்கின் அடியைத் தொடாது. அறுத்த விளிம்பில் இருந்த பிசிறை அரத்தால் ராவி, வெளி ஓரத்தை லேசாகச் சரித்துவிட்டார். சரிக்காவிட்டால் அந்தக் கூர்மை, உள்ளே போகும்போதே சொல்யூஷனை வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு ஈரத்தையும் தூசியையும் துடைத்தார். எல்போவைக் காய்ந்த நிலையில் செருகி, அது எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ அந்தத் திசைக்குத் திருப்பி, பைப்புக்கும் எல்போவுக்கும் குறுக்காகப் பென்சிலில் ஒரு கோடு. அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறந்தார். பைப்பில் சீராக ஒரு பூச்சு, ஃபிட்டிங்கின் உள்ளே அதைவிட மெலிதாக ஒன்று. செருகும்போது கால் திருப்புத் திருப்பிக்கொண்டே அடிவரை தள்ளினார். பென்சில் கோடுகள் நேராக வந்து நின்றன. கையை எடுக்காமல் முப்பது எண்ணும்வரை பிடித்திருந்தார். இதுதான் எல்லாரும் விடும் இடம். வாய் உள்பக்கம் சற்றுக் குறுகலாக இருப்பதால், உடனே கையை எடுத்தால் பைப் மெதுவாகப் பின்னால் நழுவும். விளிம்பைச் சுற்றி மெலிதாக ஒரு மணிக்கோடு முழு வட்டமாக வந்திருந்தது. ஒரு இடத்தில் அது அறுந்திருந்தாலும் அங்கே சொல்யூஷன் படவில்லை என்று பொருள்.

இப்படி ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. தப்பாகப் போனால் அறுத்துப் போட வேண்டியதுதான். அதனால்தான் யூனியன் என்ற துண்டு இருக்கிறது: நடுவில் ஒரு பெரிய நட்டு, உள்ளே ரப்பர் வாஷர், நட்டைத் திருகினால் பைப் இரண்டாகப் பிரியும். மோட்டாருக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒன்று வேண்டும். என்றைக்காவது மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோகத்தான் போகிறோம். ஃபில்டர், பிரஷர் பம்பு, வால்வு ஆகியவற்றின் பக்கத்திலும் அப்படியே. சிக்கனம் பார்த்து யூனியனை விட்டவர்கள் பிறகு ஒவ்வொரு முறையும் பைப்பை அறுத்துக் காலர் போடுகிறார்கள்.

என் திட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. இரண்டு முனையும் சுவரில் கிளாம்ப் போட்டு அசையாமல் நிற்கும் லைனின் நடுவே, ஒரு துண்டை இரண்டு காலர் வைத்துச் செருகவே முடியாது. காலருக்குள் நுழைக்க பைப்பைப் பின்னால் இழுக்க இடம் வேண்டுமே? நான் பைப்பை வில்லாக வளைத்துத்தான் நுழைத்திருந்தேன். பிளம்பர் ஒரு பக்கம் காலரும் மறுபக்கம் யூனியனும் போட்டுச் சுலபமாக முடித்தார். சரி, வேலையையும் சொல்லிவிட்டேன். இனி மரைக்கு வருவோம்.

மரைக்கு இருக்கும் பெரிய வசதி, அது எல்லாக் குடும்பத்துக்கும் பொது. அரை இஞ்ச் மரை என்றால் சாம்பல் ஃபிட்டிங்கிலும், வெள்ளையிலும், சி.பி.வி.சி.யிலும், இரும்பிலும், கடையில் வாங்கும் பித்தளைக் குழாயிலும் ஒரே மரைதான். 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் ஆளுக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்த நிலையை மாற்ற, 55 டிகிரி கோணத்தில் ஒரு பொது மரையை முன்வைத்தார். நம் வீட்டுக் குழாய் மரை அந்த வழியில் வந்தது. அரை இஞ்சிலும் முக்காலிலும் ஒரு இஞ்ச் நீளத்துக்குப் பதினான்கு மரை. ஒரு இஞ்சிலிருந்து பதினொன்று.

மரை உள்ள ஃபிட்டிங்குகளை எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. என்று கடையில் சொல்வார்கள். முதலாவதில் மரை வெளியே தெரியும்; இரண்டாவதில் உள்ளே இருக்கும். இரண்டுக்கும் மறுமுனை சொல்யூஷன் போட்டு ஒட்டும் வாய். ஆக, சாம்பல் 32 லைன் ஓரிடத்தில் வெள்ளை ஒரு இஞ்ச் லைனாக மாற வேண்டுமா? சாம்பல் பக்கம் ஒரு சாம்பல் எம்.டி.ஏ. ஒட்டுங்கள். வெள்ளைப் பக்கம் பித்தளை வைத்த யு.பி.வி.சி. எஃப்.டி.ஏ. ஒட்டுங்கள். ஒன்றை ஒன்றில் முறுக்குங்கள். இரண்டு குடும்பமும் சண்டையில்லாமல் சேர்ந்துவிடும்.

பித்தளை என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். குழாய் மரை கொஞ்சம் கூம்பு வடிவம். முறுக்க முறுக்க வெளி மரை ஓர் ஆப்பு போல உள்ளே இறங்கும். வெளியே சுற்றியிருப்பது பிளாஸ்டிக்காகவும் உள்ளே இறங்குவது இரும்போ பித்தளையோவாகவும் இருந்தால், ஆப்பு பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். உடனே பிளக்காது, ஒரு மாதம் கழித்து, எல்லாரும் ஊருக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்துப் பிளக்கும். திருப்பிப் போட்டால், அதாவது பிளாஸ்டிக் வெளி மரை உலோக உள் மரைக்குள் இறங்கினால், பிளாஸ்டிக் நெரியுமே தவிர விரியாது. ஆகவே உலோகக் குழாய் வந்து முறுக்கிக்கொள்ளும் எந்த இடத்திலும் உள்ளே பித்தளை பதித்த ஃபிட்டிங்கே வாங்க வேண்டும். குளியலறையில் குழாய் வரும் இடத்தில் போடும் பித்தளை எல்போ இதற்காகத்தான். லைன் முக்காலில் வந்து, குழாய் மரை அரையில் இருப்பதால் பெரும்பாலும் "முக்காலுக்கு அரை பிராஸ் எல்போ" என்று கேட்பார்கள். சாதா எல்போவைவிட விலை நன்றாகவே கூடும். டைல்ஸுக்குப் பின்னால் போகும் பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்பது என் கட்சி.

மரைக்குச் சொல்யூஷன் பூசக் கூடாது. வெள்ளை டெஃப்லான் டேப்தான் சுற்ற வேண்டும். மரையின் முனை உங்களைப் பார்த்தபடி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். இரும்புப் பைப்பில் இன்னும் சணலும் வெள்ளை லெட்டும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். இரும்புக்கு அது நன்றாகத்தான் நிற்கும். பிளாஸ்டிக் மரைக்குச் சணல் வேண்டாம், அது ஊறிப் பருத்து மரையை விரிக்கும். பிளாஸ்டிக் மரையைக் கையால் முடிந்தமட்டும் முறுக்கி, அதற்கு மேல் ரெஞ்சில் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. பைப் ரெஞ்சின் நீளமான கைப்பிடி நம் பலத்தைப் பெருக்கிவிடும் என்பதை மறந்துதான் பல மரைகள் உடைகின்றன.

ரப்பர் இணைப்பைக் கழிவுநீர் பைப்பில்தான் அதிகம் பார்ப்போம். அதற்குக் கீழே வருகிறேன். தெருக் குடிநீர் இணைப்பில் சில இடங்களில் கறுப்பு எச்.டி.பி.இ. பைப் வரும். அதில் எந்தச் சொல்யூஷனும் ஒட்டாது. நட்டைத் தளர்த்தி, பைப்பை உள்ளே நுழைத்து, நட்டை இறுக்கினால் வளையம் கவ்விக்கொள்ளும் கம்ப்ரஷன் ஃபிட்டிங்தான் அதற்கு. பச்சை நிற பி.பி.ஆர். பைப்புக்கு 260 டிகிரியில் சூடாக்கி உருக்கி ஒட்டும் இயந்திரம் வேண்டும். வீட்டில் நாமே செய்யும் வேலையில் அது சேராது.

வளைவும் பிரிவும்

குடும்பமும் இணைப்பு முறையும் தெளிவானால், எந்த வடிவம் வாங்குவது என்பது சுலபம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு வளைவும் தண்ணீரிடம் கொஞ்சம் அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும்.

சாதாரண 90 டிகிரி எல்போ ஒன்று, பைப்பின் விட்டத்தைப்போல் சுமார் முப்பது மடங்கு நீளமுள்ள நேர்ப் பைப்புக்குச் சமமான தடையைத் தரும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. ஒரு இஞ்ச் லைனில் அது முக்கால் மீட்டருக்குமேல். பத்து எல்போ போட்டால் எட்டு மீட்டர் பைப்பைக் கூடுதலாக இழுத்ததுபோல. டீயில் தண்ணீர் நேராகப் போனால் இருபது மடங்கு, பக்கவாட்டில் திரும்பினால் அறுபது மடங்கு. வால்வில் இது இன்னும் வேடிக்கை. முழுதாகத் திறந்த பால் வால்வு மூன்று மடங்குதான். திறந்த கேட் வால்வு எட்டு. உள்ளே தண்ணீர் ஏறி இறங்கிப் போகும் குளோப் வால்வு 340 மடங்கு.

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு இது பெரிய விஷயம். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம். தொட்டியின் அடி, ஷவரிலிருந்து இரண்டு மீட்டர் உயரம் என்றால் 0.2 கிலோ. கையில் இருப்பதே அவ்வளவுதான். அதை எல்போவுக்கு எல்போ தானம் செய்துவிட்டு, "ஷவரில் தண்ணீர் சொட்டுகிறது" என்று ஷவரை மாற்றுகிறோம். இடம் இருந்தால் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில், நீண்டு வளையும் பெண்டு போடலாம். அல்லது இரண்டு 45 டிகிரி எல்போவைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்துத் திருப்பலாம். தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மை லைனை ஒன்றேகாலிலோ ஒன்றிலோ கொண்டுவந்து, குளியலறைக்குள் முக்காலாக்கி, குழாய் வாயில் மட்டும் அரையாக்குவது நல்ல பழக்கம். வழியிலேயே அரையாக்கிவிட்டால் மறுபடி பெரிதாக்கியும் பயனில்லை.

சிறிதாக்க ரெடியூசர் உண்டு. டீயின் வாய்க்குள்ளேயே செருகும் புஷ் உண்டு. கிளை மட்டும் சிறிதாக வரும் ரெடியூசிங் டீயும் உண்டு. "ஒண்ணுக்கு அரை டீ" என்றால் நேர்வழி ஒரு இஞ்ச், கிளை அரை இஞ்ச் என்று பொருள். முடிந்தவரை ரெடியூசிங் டீயாகவே கேளுங்கள். ஓர் ஒட்டு குறையும். ஒழுகக்கூடிய இடம் ஒன்று குறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி. தவிர வேறு எந்த ஃபிட்டிங்கையும் நடுவில் நுழைக்காதீர்கள். சி.பி.வி.சி. 93 டிகிரிவரை என்று எழுதியிருப்பார்கள். ஆனால் சூடு ஏற ஏறத் தாங்கும் அழுத்தம் இறங்கும். 23 டிகிரியில் 400 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் ஓர் அலகு) தாங்குகிற எஸ்.டி.ஆர். 11 வகைப் பைப், 82 டிகிரியில் 100 தான் தாங்கும். வீட்டுக்கு அதுவே தாராளம். வெள்ளை யு.பி.வி.சி. கீசர் சூட்டில் இளகத் தொடங்கிவிடும். கையில் ஒரே ஒரு வெள்ளை எல்போ மிச்சம் இருக்கிறதே என்று வெந்நீர் லைனில் போட்டால் சுவரை உடைக்க நேரிடும். கீசரின் வாயில் நேராகப் பிளாஸ்டிக் மரையைப் பூட்டுவதும் வேண்டாம், பித்தளை வைத்ததே இருக்கட்டும். இன்னொன்று, இந்தப் பைப் சூட்டில் நீளும். மூன்று மீட்டர் பைப் 40 டிகிரி சூடேறினால் ஏழு மில்லிமீட்டர்போல நீளும். இரண்டு பக்கமும் சிமெண்டில் இறுக்கிப் புதைத்தால் அந்த ஏழு மில்லிமீட்டரும் எல்போவைத்தான் தள்ளும்.

கழிவுநீர்

இங்கே அழுத்தம் கிடையாது, சரிவுதான் எல்லாம். அடிக்குக் கால் இஞ்ச் இறக்கம் என்பது கொத்தனார்கள் வாயில் இருக்கும் கணக்கு, அதுவே போதும். குளியலறை, வாஷ்பேசின் தண்ணீருக்கு 75 மில்லிமீட்டர், கழிப்பறைக்கு 110. எஸ்.டபிள்யூ.ஆர். என்று எழுதிய பைப்பையும் ஃபிட்டிங்கையும் வாங்குங்கள், ஐ.எஸ். 13592 என்று இருக்கும். அதில் டைப் ஏ மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும், டைப் பி கழிவுக்கும். விலை பார்த்துக் கழிப்பறைக்கு டைப் ஏ போடுபவர்கள் உண்டு, போடாதீர்கள்.

படுக்கையாகப் போகும் லைனில் நேர் டீ வைத்தால், பக்கத்திலிருந்து வரும் கழிவு எதிர்ச்சுவரில் மோதி இரண்டு பக்கமும் சிதறும். அங்கே ஒய் வடிவ ஃபிட்டிங்தான் சரி. ஓடும் திசையில் சாய்ந்து சேரும். திரும்பும் முக்கியமான இடங்களில் டோர் பெண்டு, டோர் டீ போடச் சொல்லுங்கள். அதில் மூடியைக் கழற்றிக் கம்பி விடலாம். அடைத்துக்கொண்ட நாளில்தான் அந்த மூடியின் அருமை தெரியும். மூடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தால் பயனில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

பைப்பின் விரிந்த வாய் தண்ணீர் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும், நுனி போகும் பக்கம். ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவது போல. ரப்பர் வளையம் வைத்ததில் சோப்புத் தண்ணீரோ அதற்கென்று விற்கும் லூப்ரிகண்டோ தடவித் தள்ளுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். அடிவரை தள்ளிவிட்டு, ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுத்து விட்டுவிட வேண்டும். வெயிலில் பைப் நீள இடம் வேண்டும்.

வேலை முடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிடக் கை பரபரக்கும். டப்பாவில் சில மணி நேரம் போதும் என்று போட்டிருந்தாலும், அழுத்தம் உள்ள லைனை மறுநாள் திறப்பதே நல்லது. திறக்கும்போது வால்வை மெதுவாக, குழாய்களைத் திறந்து வைத்தபடி, உள்ளே இருக்கும் காற்று போகும்வரை. பிறகு எல்லாக் குழாயையும் மூடி, ஒவ்வொரு இணைப்பின் மேலும் செய்தித்தாள் பட்டையைச் சுற்றி நூலால் கட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் காகிதம் காட்டிக்கொடுக்கும். காலையில் எல்லாம் காய்ந்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை மூடச் சொல்லலாம். ஏதாவது ஒன்று நனைந்திருந்தால், அதை மட்டும் அறுத்து எடுத்து, நாலு விரல் நீளத் துண்டோடு மறுபடியும் கடைக்கு.